குக்கருக்கான செருப்பு

அண்ணிக்கு வீட்டுக்குள் செருப்பு ஆகாது. லாரி ஓட்டப் போன அண்ணன் பல நாள் கழித்துத் திரும்பினாலும், வாசற்படியில் நிறுத்திக் கழற்றவைத்துவிட்டுத்தான் உள்ளே விடுவாள். அப்படிப்பட்டவளின் சமையலறையில், மேடைக்கு அடியில், ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பு எப்போதும் கிடக்கும். மின்சார குக்கரைத் தொடும்போது மட்டும் அதில் காலை நுழைப்பாள். மூடியைத் திறந்து, கிளறி, மறுபடி மூடியதும் கழற்றிக் காலாலேயே மேடைக்கு அடியில் தள்ளிவிடுவாள்.

அவள் கல்யாணமாகி அந்த மாடி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கொழுந்தன் இதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்தவன் கல்லூரி முடித்து, பட்டம் வாங்கி, வேலை தேட ஆரம்பித்த பிறகும் அந்தச் செருப்பு அங்கேயே இருந்தது. நடுவில் ஒருமுறை வார் அறுந்து புது ஜோடி வந்தது. அதுவும் நீலம்தான்.

விருந்துக்கு வந்தவர்கள் யாராவது உதவி செய்யக் குக்கர் பக்கம் போனால் அண்ணி பதறுவாள்.

"இருங்க, இருங்க. செருப்பைப் போட்டுக்குங்க. அது கொஞ்சம் கிள்ளும்."

"எது கிள்ளும்?"

"குக்கர்தான். புது ஆளுன்னா ரொம்பக் கொஞ்சும்."

எல்லாரும் சிரிப்பார்கள். செருப்பைப் போட்டுக்கொள்வார்கள். யாரும் அதற்கு மேல் கேட்டதில்லை.

குக்கர் புதிதாக வந்தபோது அதன் பிளக்கில் மூன்று கால்கள் இருந்தன. இரண்டு மெல்லியவை, ஒன்று தடியானது. சமையலறைச் சுவரில் இருந்ததோ இரண்டே ஓட்டை. அண்ணன் இரும்பு அறுக்கும் ரம்பத்தை இரவல் வாங்கி வந்து, தடிக்காலை அறுத்துப் போட்டுவிட்டான். "இதைச் சும்மா பிடிமானத்துக்கு வச்சிருக்கான். கரண்டு வர்றது மத்த ரெண்டுலதான்," என்றான். சொன்னதில் பாதி உண்மை. ஆளைக் கொல்வது பெரும்பாலும் பாதி உண்மைதான். கொஞ்ச நாளில் குக்கரின் உடம்பு லேசாகக் கிள்ள ஆரம்பித்தது. "ஈரக்காலோட தொட்டா அப்படித்தான். செருப்பு போட்டுக்க," என்றான் அண்ணன். பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று வீடே நம்பியது.

இத்தனைக்கும் அண்ணி கரண்டுக்குப் பயப்படாதவள் இல்லை. அவள் வேலை பார்த்தது ஒரு ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில். ஆளுயர இயந்திரங்கள் வெந்நீரில் விரிப்புகளைப் புரட்டும். சுடும் உருளைகளுக்கு நடுவே அவை தட்டையாக நுழைந்து வரும். அண்ணி இந்தப் பக்கம் நின்று மடித்து அடுக்குவாள். கொழுந்தன் ஒருநாள் அவளுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோனபோது, புதிதாக வந்த பெண் ஒருத்தி ஈரக்கையை நீட்டிச் சுவிட்சைத் தொடப் போனாள். அண்ணி போட்ட கத்தலில் இயந்திரமே நின்றுவிடும் போலிருந்தது.

"ஏய்! கையைத் துடைடி! உயிரோட வீட்டுக்குப் போக வேணாமா?"

அந்த அண்ணியேதான் வீட்டில் செருப்பைப் போட்டுக்கொண்டு, கிள்ளுகிற குக்கரோடு வருடக் கணக்கில் குடித்தனம் நடத்தினாள். வேலை செய்யும் இடத்தில் இருக்கும் ஆபத்து எதிரி மாதிரி தெரிகிறது. வீட்டுக்குள் இருப்பதற்கு மட்டும் நாம் ஏதோ உறவுமுறை வைத்துவிடுகிறோமோ என்று கொழுந்தன் பின்னால் பலமுறை யோசித்தான். அப்போது யோசிக்கவில்லை. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்பதால் வீட்டில் அவனுக்கு 'டிகிரி' என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லும்போது அண்ணியின் குரலில் பெருமை பாதி, கிண்டல் பாதி இருக்கும்.

கீழ்வீட்டில் தையலக்கா இருந்தாள். பள்ளிச் சீருடைகள் தைப்பவள். அந்தக் கட்டடத்தில் இருந்த குடித்தனங்களுக்கெல்லாம் ஒரே மெயின் சுவிட்ச்; அது படிக்கட்டுக்கு அடியில், அவள் கதவை ஒட்டி இருந்தது. அவளுக்கும் அண்ணிக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. அண்ணி தரை கழுவிய தண்ணீர் ஒருமுறை கூரை வழியாக ஊறி, கீழே தைத்து அடுக்கியிருந்த வெள்ளைச் சட்டைகளில் சொட்டிப் பழுப்புக் கறையாகிவிட்டது. தையலக்கா சட்டையும் கையுமாக மேலே ஏறி வந்தாள்.

"உன் துணியை நீ கெடுத்துட்டு என் தலையில கட்டுறியா?" என்றாள் அண்ணி.

"தண்ணி என்ன மேல் நோக்கியா ஒழுகும்?" என்றாள் தையலக்கா.

அதோடு சரி. அதற்குப் பிறகு படியில் எதிரெதிரே வந்தால் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

அண்ணன் மகளுக்கு அப்போது தவழ்ந்து, பிடித்து நிற்கிற வயது. பாப்பா ஒருநாள் அண்ணியின் இடுப்பில் இருந்தபடியே மேடைமேல் இருந்த பால் தம்ளரை எட்டித் தட்டிவிட, பால் முழுவதும் குக்கர்மேல் கொட்டியது. உள்பாத்திரத்துக்கு வெளியே, அடித்தட்டின் ஓரத்தில், உள்ளே எங்கேயோ இறங்கிவிட்டது. ஈரத்துணியால் துடைத்திருந்தால்கூடப் போதும். அண்ணிக்கு அரைகுறை வேலை பிடிக்காது. குக்கரை முழுசாகத் தூக்கிக்கொண்டு போய்க் குழாய்க்கு அடியில் பிடித்து, நார் போட்டுத் தேய்த்து, மொட்டைமாடி வெயிலில் கவிழ்த்து வைத்தாள்.

"பாரு டிகிரி, புதுசு மாதிரி ஆயிடுச்சு."

பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் மறுநாள் முதல் அது கிள்ளவில்லை, கடித்தது. செருப்போடு தொட்டாலும், மறந்துபோய் இன்னொரு கையைக் குழாய்மேல் வைத்தால் முழங்கை வரை சுரீர் என்றது. பிளக்கைச் சுற்றிப் பழுப்பு ஏறி, அருகில் போனால் பொசுங்கிய வாடை அடித்தது.

"அண்ணி, இதை யார்கிட்டயாவது காட்டலாமா?"

"எதுக்கு? சோறு நல்லாத்தானே வேகுது?"

அந்த வாரம்தான் பாப்பா கைக்கு எட்டியதையெல்லாம் பால்கனிக் கம்பி இடுக்கில் வெளியே தள்ளப் பழகியிருந்தாள். கரண்டி போனது, சீப்பு போனது, கடைசியில் நீலச் செருப்பில் ஒன்று போனது. அது நேராகத் தையலக்காவின் வாசலில் விழுந்தது. கரண்டியும் சீப்பும் படியோரம் எடுத்து வைக்கப்பட்டிருந்தன. செருப்பை மட்டும் அவள் கதவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டாள். படியேறுகிற எல்லார் கண்ணிலும் அது பட்டது.

"தம்பி, உங்க அண்ணிகிட்ட சொல்லு," என்றாள், மெஷினை நிறுத்தாமல். "வாயைத் திறந்து கேட்டா இந்த நிமிஷமே கொடுத்துடறேன்."

"என்கிட்ட கொடுங்களேன், அக்கா."

"நீயா போட்டுக்கப் போற? போட்டுக்கிறவ வரட்டும்."

மேலே வந்து சொன்னான். அண்ணிக்கு மூக்கு நுனி சிவந்துவிட்டது.

"நான் போய் அவ வாசல்ல நிக்கணுமா? ஒண்ணு போனா என்ன, இன்னொண்ணு இருக்கில்ல?"

"ஒரு கால்ல போட்டுக்கிட்டு இன்னொரு காலை என்ன பண்ணுவீங்க?"

"தூக்கிக்குவேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தான். அவள் சொன்னபடியே செய்தாள். இடது காலில் செருப்பு, வலது கால் மடங்கி அந்தரத்தில், ஒரு கை குக்கர் மூடியில், மற்றொரு கையில் கரண்டி. அண்ணன் தொலைதூரத்தில் ஏதோ சாலையோரத்திலிருந்து வீடியோவில் பார்த்துவிட்டுச் சிரித்தே இருமினான்.

"என்னடி இது, கொக்கு மாதிரி?"

"கொக்குக்கு மீனு, எனக்குச் சோறு. நீங்க சாப்பிட்டாச்சா?"

"புதுச் செருப்பு ஒண்ணு வாங்கித் தொலையேன்."

"வாங்கினா அவ ஜெயிச்ச மாதிரி ஆயிடும்."

கொழுந்தனும் சிரித்தான். அதற்கு முந்தைய ஞாயிறுதான் ஒரு வேலைக்கான தேர்வு எழுதியிருந்தான். மின்சாரத்தைக் கடத்தாத பொருள் எது என்ற கேள்விக்கு ரப்பர் என்று சரியாகக் குறித்துவிட்டு வந்தவன்தான் அவன். அந்த விடையின் பாதி தன் வீட்டில் கிடப்பதும், மறுபாதி கீழே ஆணியில் தொங்குவதும் அவனுக்கு உறைக்கவில்லை. புதுச் செருப்பைத் தானே வாங்கி வந்து மேடைக்கு அடியில் போட்டிருக்கலாம். அண்ணிக்கும் தையலக்காவுக்கும் நடப்பது வேடிக்கை என்றே அவனும் எடுத்துக்கொண்டான்.

அன்று காலையில் தண்ணீர் தாமதமாக வந்தது. அண்ணி வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் வாளிகளை நிரப்பிச் சமையலறையில் இறக்கினாள். ஒன்று சாய்ந்து தரையெல்லாம் தண்ணீர். துடைக்க நேரமில்லை. கொழுந்தன் முன்னறையில் கண்ணாடிக்கு எதிரே நின்று, நேர்முகத் தேர்வில் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டியதைத் தனக்கே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே மூடி விழுந்து உருளும் சத்தம் கேட்டது.

"அண்ணி?"

பதில் இல்லை. கூப்பிட்டால் தூக்கத்திலும் 'என்ன' என்பவள் அண்ணி.

மறுபடி கூப்பிட்டுக்கொண்டே போய் எட்டிப் பார்த்தான். அண்ணி மேடையருகே நின்றாள். தூக்கி வைத்திருந்த வலது கால் தரைக்கு வந்திருந்தது, தண்ணீரில் நின்றது. கை குக்கரின் பிடியை இறுக்கியிருந்தது. அவள் பிடித்திருந்தாளா, அது அவளைப் பிடித்திருந்ததா என்று சொல்ல முடியவில்லை. பற்கள் கிட்டித்து, கழுத்து நரம்பு புடைத்து, உடம்பு முழுக்க மெலிதான ஒரு அதிர்வு. கண் மட்டும் அவனைப் பார்த்தது. பார்த்துவிட்டுக் கீழே போனது.

கீழே, தண்ணீரில் கையடித்துக்கொண்டு பாப்பா தவழ்ந்து வந்துகொண்டிருந்தாள். நேராக அம்மாவின் காலை நோக்கி.

அவன் கால் வாசலிலேயே நின்றுவிட்டது. அண்ணியைத் தொட்டால் தானும் ஒட்டிக்கொள்வோம் என்பது அவனுக்குத் தெரியும். சுவிட்ச், குக்கருக்குப் பின்னால், அவள் கைக்கு அந்தப் பக்கம் இருந்தது. நனையாத ஓரத்தில் நின்று, உடம்பை நீட்டி, பாப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தான். தையல் பிரிந்தது, ஆனால் குழந்தை வந்தது. வாரித் தூக்கிக்கொண்டு பால்கனிக்கு ஓடினான்.

"அக்கா! மெயினு! மெயினை அணைங்க!"

கீழே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் இரைச்சலில் கேட்டதோ இல்லையோ. தொண்டை கிழிய மறுபடி கத்தினான். மெஷின் நின்றது. நாற்காலி விழும் சத்தம். 'ஏன்' என்றோ 'யாருக்கு' என்றோ கீழிருந்து ஒரு கேள்வி வரவில்லை. அடுத்து 'டக்' என்று ஒரு சத்தம்.

மின்விசிறி சுழற்சி குறைந்தது. கட்டடமே மூச்சை அடக்கிக்கொண்டது போல் ஆனது. சமையலறையில் அண்ணி, கயிற்றிலிருந்து நழுவிய ஈரத்துணி மாதிரி, மடிந்து விழுந்தாள்.

அவன் திரும்பி ஓடுவதற்குள் தையலக்கா வெறுங்காலோடு மேலே வந்துவிட்டாள். மெயின் அணைந்த பிறகும் நம்பாமல், மேடைமேல் கிடந்த மரக்கரண்டியால் பிளக்கைத் தட்டிப் பிடுங்கினாள். அதன் பிறகே அண்ணிப் பக்கம் குனிந்தாள். மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"மூச்சு இருக்கு. பாப்பாவை என்கிட்ட கொடு. நீ ஓடிப் போய் வண்டியைக் கூப்பிடு. அழாதடா, ஓடு!"

அவன் அழுவது அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது. வண்டியோடு திரும்பியபோது அண்ணி கண் திறந்திருந்தாள். தையலக்கா அவள் தலையை மடியில் தாங்கி, பாப்பாவை இடுப்பில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அண்ணி அந்த முகத்தைப் பார்த்தாள். உதடு அசைந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனார்கள். உள்ளங்கையிலும் வலது பாதத்திலும் தீப்புண். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி இதயத் துடிப்பைப் பார்த்தார்கள். துடிப்பு சீராக இருந்தாலும் ஒருநாள் வைத்திருந்து கவனிக்க வேண்டும் என்றார் டாக்டர்.

"எப்படி நின்னுக்கிட்டிருந்தீங்க?"

"ஒத்தைக்கால்ல."

டாக்டர் கொழுந்தனைப் பார்த்தார். "பேச்சுக் குழறுதா?"

"இல்ல சார், நிஜமாவே அப்படித்தான் நின்னாங்க."

டாக்டர் போனதும் அண்ணி தனக்குக் கீழே இருந்த விரிப்பின் ஓரத்தை விரலால் தடவினாள். "இது நான் மடிச்சதுடா. மூலை பாரு," என்றாள். சிரிக்கப் போனவள் திடீரென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அவ என் தலையை மடியில வச்சிருந்தா, இல்ல?"

"ஆமா அண்ணி."

அவள் அந்த மூலையை மறுபடி விரலால் தடவினாள்.

வீடு திரும்பியதும் ஒயர்மேன் வந்தான். குக்கரின் அடியைக் கழற்றினான். உள்ளே பால் காய்ந்து கருகிக் கிடந்தது. தண்ணீர் போன இடமெல்லாம் துரு. "இது போச்சு. புதுசு வாங்கிக்குங்க," என்றவன், சுவரைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான். "இந்தப் பாயிண்டுல எர்த்தே இல்லீங்க. வேணும்னா புதுக் குக்கருக்கும் அந்தத் தடிக்காலை எடுத்துக் கொடுத்துடறேன். செலவு மிச்சம்."

"கையை வை, பார்ப்போம்," என்றாள் அண்ணி, கட்டுப்போட்ட கையோடு. "எங்க சலவையில ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு பச்சை ஒயர் தரைக்குப் போகுது. தினம் அதைத் தாண்டித்தான் நடக்கிறேன். என் வீட்டுக்கும் அது வேணும். கரண்டு கசிஞ்சா தானா விழுற சுவிட்சும் வேணும்."

"வீட்டுக்காரர் ஒத்துக்கணுமே?"

"ஒத்துக்குவாரு. நான் பேசிக்கிறேன்."

பேசினாள். வீட்டுக்காரர் ஒத்துக்கொண்ட பிறகுதான் புதுக் குக்கர் பெட்டியை விட்டு வெளியே வந்தது. அதன் மூன்று கால்களும் மூன்று ஓட்டையில் இறங்கின. அண்ணியின் பழக்கமே மாறிவிட்டது. உள்பாத்திரத்தின் அடியையும் சுற்றையும் உலர்ந்த துணியால் துடைத்த பிறகே உள்ளே இறக்கினாள். அடித்தட்டில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தாலும் விடமாட்டாள். ஆறிய பிறகு, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிழிந்த துணியால் மட்டுமே உடம்பைத் துடைப்பாள். குழாய்ப் பக்கம் அது போனதே இல்லை. அவசரத்தில் கொழுந்தன் ஒயரைப் பிடித்து இழுத்தால், "வாலைப் பிடிச்சு இழுக்காதே, கழுத்தைப் பிடி," என்று அதட்டுவாள். தரை ஈரமாக இருந்தால் சமையலே கிடையாது, முதலில் துடைப்பம்.

எல்லாவற்றையும் சரிசெய்தவளுக்கு ஒன்று மட்டும் முடியவில்லை.

கொழுந்தன் தையலக்காவைப் பார்க்கப் போனபோது, அவள் மேசையோரத்தில் ஒரு வெள்ளைச் சட்டை கிடந்தது. முதுகில் இஸ்திரிப் பெட்டியின் அச்சு, கருப்பாக.

"இது என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. அன்னிக்கு நீ கத்தினப்ப, எழுந்த வேகத்துல சூடா இருந்த பெட்டி சட்டை மேல சாஞ்சுடுச்சு. அப்படியே போட்டுட்டு ஓடிட்டேன்." சட்டையை மடித்துக் கீழே தள்ளினாள். "மேல சொல்லிக்கிட்டிருக்காதே. தண்ணிக்கு ஒரு சட்டை, நெருப்புக்கு ஒரு சட்டை. உங்க வீட்டுக்கும் எனக்கும் ராசி அப்படி."

ஆணியில் நீலச் செருப்பு அப்படியே தொங்கியது. கேட்கலாமா என்று அவன் பார்த்தான். அவளும் பார்த்தாள்.

"கேட்டா கொடுப்பேன்," என்றாள். இந்த முறை குரலில் சண்டை இல்லை. ஏதோ காத்திருப்பு மாதிரி இருந்தது.

அவன் மேலே போய்ச் சட்டை விஷயத்தையும் சேர்த்தே சொன்னான். அண்ணி கேட்டுக்கொண்டே காய் நறுக்கினாள். அன்று சாயந்திரம் முகம் கழுவி, தலை வாரி, படியிறங்கினாள். பாதிப் படியில் கீழிருந்து மெஷின் சத்தம் கேட்டது. நின்றாள். 'வேலையா இருக்கா போல' என்று திரும்பி வந்துவிட்டாள். இன்னொரு நாள் மெஷின் சத்தம் கேட்கவில்லை. 'தூங்குறா போல' என்று திரும்பினாள்.

"போய் ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சுபோச்சு, அண்ணி."

"என்ன வார்த்தை? உப்புக் கடன் வாங்கினா திருப்பிக் கொடுக்கும்போது சொல்ல வார்த்தை இருக்கு. இதுக்கு என்னன்னு சொல்றது? என் தலையில கட்டுறியான்னு கேட்ட வாயாலயே?"

அவன் படித்த எதிலும் அந்த வார்த்தை வரவில்லை.

அண்ணனுக்கு வேறு ஊரில் நிலையான வேலை கிடைத்து வீடு மாறும் நாள் வந்தது. சாமான்கள் இறங்கின. புதுக் குக்கரை அண்ணி யாரிடமும் கொடுக்காமல், பிளக்கைத் துணியில் சுற்றித் தானே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். தையலக்கா வாசலில் நின்றாள். கையில் நூல் கோத்த ஊசி. கொழுந்தன் பின்னாலேயே வந்தான். அண்ணி நின்றாள். ஆணியில் தொங்கிய செருப்பைப் பார்த்தாள்.

"பாப்பா," என்றாள் கடைசியில், அண்ணனின் தோளில் இருந்த குழந்தையைப் பார்த்து. "பெரியம்மாவுக்கு டாட்டா சொல்லு."

பாப்பா கையை ஆட்டினாள். தையலக்காவும் ஆட்டினாள், ஊசியோடு. லாரி கிளம்பியது.

கொழுந்தன் இப்போது வேலையில் சேர்ந்து வேறிடத்தில் இருக்கிறான். லீவுக்கு அண்ணன் வீட்டுக்குப் போனால் சமையலறையில் வெறுங்காலோடு நின்றுதான் சோறு வைப்பான், எதுவும் கிள்ளுவதில்லை. ஆனால் மேடைக்கு அடியில், துடைத்துச் சுத்தமாக, ஒரே ஒரு நீலச் செருப்பு இருக்கிறது. இடது கால்.

"இதை இன்னுமா வச்சிருக்கீங்க? தூக்கிப் போட வேண்டியதுதானே?"

"ஜோடி அங்கே இருக்கு," என்றாள் அண்ணி, பாத்திரத்தின் அடியைத் துடைத்தபடி. "போய்க் கேட்டு வாங்கணும்."

"எப்போ?"

அவள் பாத்திரத்தைத் திருப்பி, இன்னொரு தடவை துடைத்தாள்.